ஊதாவுக்கு அப்பால் தமிழ் செல்லாதா?

தமிழில் பாட்டெழுதலாம், பட்டிமன்றம் பேசலாம், வாழ்த்து மடல் அச்சிடலாம், கல்லூரியில் உயரறிவியலை நடத்துதற்கு மட்டும் அஃது ஆகாது என்பார் தமிழ்நாட்டில் இன்னும் குறைந்தாரில்லை. அவர்களொடு சொல்லாடத் தொடங்கினால், இறுதியில் ஏதேனும் ஓர் அரிய பாடத்தின் பெயரை எடுத்து வீசி, "இதைச் சொல்லுமோ உங்கள் தமிழ்?" என்று வாயடைக்கப் பார்ப்பர். அவ்வாறு வீசப்படத் தக்க பெயர்களுள் ஒன்று, ஈரணு மூலக்கூறுகளின் புறவூதா நிறமாலை என்பது. இயற்பியல், வேதியியல் மாணவர் அஞ்சி நடுங்கும் பகுதி அது. கேள்வி எழுந்துவிட்டது, விடை கூறாமல் விடுதல் முறையன்று.

கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ தமிழ்வழிப் பள்ளியிற் பயின்று, நாள்தோறும் மின்தொடர்வண்டியேறித் தாம்பரத்துக்கோ கிண்டிக்கோ கல்லூரி செல்லும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்க. பள்ளியில் ஒளி ஏன் வளைகிறது, அணு ஏன் பிளக்கிறது என்று ஆசிரியரைத் துளைத்தெடுத்தவன் அவன். கல்லூரிக்குள் நுழைந்த நாள்முதல் அவன் வாய் மூடிக்கொள்கிறது. கரும்பலகையில் எழுதிப் போட்ட ஆங்கிலத் தொடரை எழுத்துப் பிறழாமல் நெட்டுருச் செய்கிறான், தேர்வுத்தாளில் இறக்கி வைக்கிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். நிறமாலைப் பட்டை ஒன்று சிவப்புப் பக்கம் மெலிகிறது என்று ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த அவனுக்கு, மெலிவது எது, ஏன் மெலிகிறது என்பவை மட்டும் தெரியா. இவ்வறியாமை அவன் குற்றமன்று. அவன் அறிவு எந்த மொழியில் விழித்ததோ அந்த மொழியை வாயிற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருமாறு பணித்தவர்களின் குற்றம்.

இனி, அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோர்க்கு அது எவ்வாறு விளங்கும் என்று காண்க.

இரண்டு சிறுமியர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகின்றனர் என்க. அவர்கள் சுழல்கின்றனர், சுழலும்போதே கைகள் மடங்கியும் நீண்டும் ஒருவரையொருவர் நெருங்கியும் விலகியும் ஆடுகின்றனர். ஈரணு மூலக்கூற்றின் இயக்கமும் அதுவே. முன்னது சுழற்சி, பின்னது அதிர்வு. இவ்விரண்டொடு மூன்றாவதாக ஒன்றுண்டு. அணுக்கள் இரண்டையும் பிணைத்து நிற்கும் எதிர்மின்னிகள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவும். சிறுமியர் எந்த விரைவில் வேண்டுமாயினும் சுற்றலாம். மூலக்கூற்றுக்கு அவ்வுரிமை இல்லை. அதற்கு வகுக்கப்பட்ட படிகளில் மட்டுமே அது நிற்கும். இரு படிகளுக்கு இடையே நிற்றல் இல்லை. எதிர்மின்னியின் தாவல் மாடிவிட்டு மாடி ஏறுவது போன்றது. ஒவ்வொரு மாடியிலும் அதிர்வுக்குரிய படிக்கட்டு உண்டு. அப்படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் சுழற்சிக்குரிய நுண்படிகள் உண்டு. மாடிவிட்டு மாடி தாவுதற்குப் பேராற்றல் வேண்டுமாகலின், நீரகம், உயிரகம், நைட்ரசன் எனப் பாடநூல்கள் கூறும் வெடியகம் ஆகியவற்றின் மூலக்கூறுகள் அடிமாடியிலிருந்து மேலேறுதற்கு விழுங்கும் ஒளி பெரும்பாலும் ஊதாவுக்கு அப்பாற்பட்டதாக இருக்கிறது. தாவும்போது அதிர்வுப்படியும் நுண்படியும் சேர்ந்தே மாறுவதால் ஒரு கோடு விழவேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் விழுகின்றன. நெருங்கி விழுந்த அக்கோடுகளே பட்டை.

அப்பட்டையின் ஒரு விளிம்பில் கோடுகள் செறிந்து கூர்மையாக முடியும்; மறு விளிம்பில் அகன்று அகன்று மங்கிப் போகும். செறிந்த விளிம்பைத் தலை என்றும் மங்கும் விளிம்பை வால் என்றும் சொல்க. மேல்மாடிக்கு ஏறியதும் பிணைப்பு நீண்டுவிட்டால் சுழற்சிப் படிகள் நெருங்கும். கைகளை நீட்டிச் சுற்றும் சிறுமியர் மெல்லச் சுழல்வதை நினைவு கொள்க. அப்போது கோடுகள் ஊதாப் பக்கம் சென்று மடங்கித் திரும்பும். தலை ஊதாப் பக்கமும் வால் சிவப்புப் பக்கமும் அமையும். மேல்மாடியில் பிணைப்பு சுருங்குமாயின் எல்லாம் தலைகீழ். ஆகவே, பட்டையின் தலை எப்பக்கம் என்று கண்ட அளவிலேயே, கண்ணாற் காணவொண்ணாத அம்மூலக்கூற்றின் பிணைப்பு நீண்டதா சுருங்கியதா என்று சொல்லிவிடலாம். மாணவன் பொருளறியாது நெட்டுருச் செய்த அந்த ஆங்கிலத் தொடரின் பொருள் இவ்வளவே. தட்டாமாலை சுற்றிய எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது விளங்காமற் போகாது.

இவ்வொளி எங்கோ மேனாட்டு ஆய்வகத்தில் மட்டும் இருப்பதுமன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த இரவுகளில், தாம்பரத்தைச் சுற்றிய உயரழுத்த மின்தடங்களின் பீங்கான் காப்பிகளிலிருந்து இரைச்சல் ஒன்று எழும். இருள் மிக்க இடத்தில் மங்கலான ஊதா ஒளியும் தெரியும். அது காற்றிலுள்ள வெடியக மூலக்கூறு மேல்மாடியிலிருந்து இறங்கும்போது உமிழும் ஒளி. அதன் பட்டைகள் 337, 358, 380 நானோமீட்டர் என்னும் அலைநீளங்களில் விழுகின்றன. பெரும்பகுதி புறவூதா ஆதலால் கண்ணுக்குத் தெரிவது அதன் விளிம்பு மட்டுமே. மின்பொறியாளர்கள் புறவூதாவைக் காணும் படக்கருவி கொண்டு பழுதுற்ற காப்பிகளைக் கண்டுபிடிப்பது இதனை வைத்துத்தான். (மின்னலின் நடுத்தண்டில் இப்பட்டைகளைத் தேடுதல் வீண், அங்குள்ள வெப்பத்தில் மூலக்கூறு பிரிந்து அணுக்களின் கோடுகளே தோன்றும்.) மருந்தாய்வுக் கூடங்களில் புறவூதா அளவிக்குள் எரியும் விளக்கும் ஓர் ஈரணு மூலக்கூறே, அதற்குள் இருப்பது எடைமிகு நீரகம்.

புறவூதாவின் வரலாறு 1801-இல் தொடங்குகிறது. செருமானிய நாட்டு இரிட்டர், வெள்ளியுப்புப் பூசிய தாளை நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கேதான் தாள் விரைந்து கருத்தது. அதற்கப்பால் முன்னேறுதற்கு இரு தடைகள். ஒன்று கண்ணாடி, அது புறவூதாவைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பளிங்குக்கல்லைத் தேய்த்துப் பட்டகமும் வில்லையும் செய்ய வேண்டியதாயிற்று. மற்றொன்று காற்று. காற்றிலுள்ள உயிரக மூலக்கூறு 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூமான் என்பவர் தம் கருவியிலிருந்து காற்றையே வெளியேற்றிவிட்டுப் படம் பிடித்தார். உயிரகத்தின் அப்பட்டைகள் இன்றும் அவர் பெயராலும் இரங்கே என்பார் பெயராலும் வழங்குகின்றன.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. அவ்விடம் தாம்பரத்தில் இன்றிருக்கும் ஒரு கல்லூரியின் வழியே வருகிறது. இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே வேதியியல் செய்முறை ஆசிரியராகவும் இருந்தவர். நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர் எவரும் எந்த ஐயத்தையும் கேட்கலாம் என்று அவர் நடத்திய உரையாடலுக்குப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் உள்ள செய்தி. அப்போது அக்கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது. 1937-இல்தான் தாம்பரத்துக் காட்டுக்குப் பெயர்ந்தது. எனவே, தாம்பர மண்ணில் அவர் பாடம் நடத்தினார் என்று பெருமைக்காகக் கதை கட்டுதல் வேண்டா. தாம்பரத்துக்கு முன் மூன்றாம் நிலையமான பல்லாவரத்தில் இருந்துகொண்டு மறைமலையடிகள் தனித்தமிழைத் தொடங்கியது 1916-இல். கிருட்டிணன் சென்னையில் ஆசிரியராக இருந்தது அதனையடுத்த ஆண்டுகளில். ஒருவர் மொழியைத் தூய்மை செய்தார். மற்றவர் ஒளியை ஆராயப் புறப்பட்டார். இவ்விரு வேலையும் ஒரே ஊரில் ஒன்றையொன்று சந்திக்காமலே நடந்தன. அந்தச் சந்திப்பு இன்றுவரை முழுமையாக நிகழவில்லை என்பதே துன்பம்.

கிருட்டிணன் 1920-இல் கல்கத்தா சென்றார். 1928-இல் இராமனும் அவரும் சேர்ந்து, பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்று கண்டனர். முதற்செய்தியை விடுத்த கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. 1930-இல் நோபல் பரிசு ஒருவர்க்கே போயிற்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று பள்ளிகளில் நடக்கும் அறிவியல் நாள் விழாக்களில் கிருட்டிணன் பெயர் மேடையேறுவது அரிது. இராமனின் தலைமையை மறுக்க வேண்டுவதில்லை. உடனிருந்து கண்டவரை மறத்தலுக்கும் ஞாயம் இல்லை.

இந்த இராமன் விளைவு ஈரணு மூலக்கூறுகளுக்குப் பெருந்திறவுகோலாயிற்று. வெடியகத்தில் இரண்டு அணுவும் ஒன்றேபோல் இருப்பதால், அதன் சுழற்சி தானே நேராக ஒளியை விழுங்காது. ஆயின், சிதறும் ஒளியில் தன் சுவட்டைப் பதிக்கும். இத்தாலிய நாட்டு இராசெத்தி 1929-இலும் 1930-இலும் வெடியகம், உயிரகம் முதலிய ஈரணு வளிகளில் இதனை ஆராய்ந்தார். வளியிலிருந்து சிதறும் ஒளி மிக மங்கலானது. ஆகவே அவர் பாதரசம் என வழங்கும் இதளின் புறவூதாக் கோட்டைக் கையாண்டார். அதன் அலைநீளம் 253.7 நானோமீட்டர். அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் பெருகுமாதலால், இதளின் 435.8 நானோமீட்டர் நீலக்கோட்டினும் இது எட்டு மடங்குக்கு மேல் மிகுதியாகச் சிதறும். வீட்டுக் குழல்விளக்கின் உள்ளே பிறந்து, குழலின் வெண்பொடியில் பட்டு வெள்ளொளியாக மாறுவதும் இதே கோடுதான்.

அவர் எடுத்த படத்தில் வெடியகத்தின் சுழற்சிக் கோடுகள் ஒன்று வலிதாகவும் அடுத்தது மெலிதாகவும் மாறி மாறி விழுந்திருந்தன. நீரகத்திலும் அவ்வாறே விழும். ஆனால் நீரகத்தில் ஒற்றைப்படை எண்ணுக்குரிய கோடுகள் வலியன, வெடியகத்தில் இரட்டைப்படை எண்ணுக்குரியவை வலியன. பார்ப்பார்க்கு இது சிறு வேறுபாடு. செருமனியிலிருந்த ஐட்லரும் எர்சுபெர்க்கும் 1929-இல் இதனைக் கண்டு, அக்கால அணுக்கொள்கையின் அடித்தளமே ஆட்டங்கண்டுவிட்டது என்றனர். ஏன் என்று கேட்க.

அக்காலத்தார் அணுக்கருவுக்குள் நேர்மின்னியும் எதிர்மின்னியும் மட்டுமே உள்ளன என நம்பினர். வெடியகக் கருவின் எடை 14, மின்னூட்டம் 7. எனவே அதனுள் 14 நேர்மின்னியும், மிகுதி மின்னூட்டத்தை ஈடு செய்ய 7 எதிர்மின்னியும், ஆக 21 துகள்கள். 21 ஒற்றைப்படை. நீரகக் கருவில் உள்ள துகள் ஒன்று, அதுவும் ஒற்றைப்படை. ஆகவே வெடியகம் நீரகத்தைப் போலவே நடந்து ஒற்றைப்படைக் கோடுகளை வலிதாகக் காட்டியிருத்தல் வேண்டும். ஒளிப்படமோ, வெடியகக் கருவில் உள்ள துகள்கள் இரட்டைப்படை என்று காட்டுகிறது. மின்னூட்டம் பெற்ற வெடியக மூலக்கூற்றின் பட்டைகளை வைத்துக் குரோனிக்கு 1928-இலேயே கிளப்பிய ஐயம் இதனால் உறுதியாயிற்று. கருவுக்குள் எதிர்மின்னி எண்ணிக்கையில் சேரவில்லை என்றால், அதனுள் வேறென்ன இருக்கிறது? 1932-இல் சாட்விக்கு நொதுமியைக் கண்டபின் விடை கிடைத்தது. 7 நேர்மின்னி, 7 நொதுமி, ஆக 14. இரட்டைப்படை.

அணுக்கருவை எவரும் உடைக்கவில்லை. காற்றை ஒரு குழலில் அடைத்துப் புறவூதாவைப் பாய்ச்சி, சிதறிய ஒளியில் எந்தக் கோடு தடித்தது, எது மெலிந்தது என்று பார்த்தனர், அவ்வளவே. ஒற்றைப்படை இரட்டைப்படை என்பது தமிழ்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கையில் மூடிக்கொண்டு கேட்டு விளையாடும் விளையாட்டு. இதனைத் தமிழிற் சொல்ல முடியாது என்பவர் தமிழையும் அறிந்தாரல்லர், இப்பாடத்தையும் அறிந்தாரல்லர். மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஐட்லரும் எர்சுபெர்க்கும் அக்கட்டுரையைத் தம் செருமானிய மொழியில் எழுதினர். ஆங்கிலத்தில் எழுதாமையால் வெடியகம் தன் கோடுகளை மறைத்துக்கொள்ளவில்லை.

அதே எர்சுபெர்க்கு பின்னர்க் கனடா சென்று நீரக மூலக்கூற்றைப் பிரிக்க வேண்டும் ஆற்றலைப் புறவூதாவால் அளந்தார். 1960-இல் அவர் கண்ட அளவு, 1968-இல் போலந்து நாட்டார் இருவர் கணக்கிட்ட அளவினும் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு குறைந்து நின்றது. கொள்கைப்படி அளவு கணக்குக்குக் கீழே போகக் கூடாது. அவர் மீண்டும் அளந்தார். கணக்கே சரியென்று 1970-இல் தம் பழைய அளவைத் தாமே திருத்தினார். மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இத்தகையவரும் ஓரிடத்தில் வழுக்கினார் என்பது சுவையான செய்தி. கரியகமும் வெடியகமும் இணைந்த ஈரணு மூலக்கூறு ஒன்று, தேள் விண்மீன் கூட்டத்துக்கு வடக்கேயுள்ள ஒரு விண்மீனின் ஒளியை, ஊதாவும் புறவூதாவும் கூடும் 387 நானோமீட்டர் எல்லையில் இடைவழியில் விழுங்குகிறது. அதன் இரு சுழற்சிக் கோடுகளை ஒப்பிட்டு, அவ்வெட்டவெளியின் வெப்பநிலை கெல்வின் அளவில் 2.3 என்று மெக்கெல்லார் 1941-இல் கணித்தார். எர்சுபெர்க்கு தம் 1950-ஆம் ஆண்டு நூலில் அவ்வெண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை என்று கடந்துபோனார். 1965-இல் பென்சியாசும் வில்சனும் வானெங்கும் நிறைந்த கதிர்வீச்சைக் கண்டபோதுதான், அவ்வெண் உலகத் தோற்றத்தின் எச்ச வெப்பம் என்று விளங்கிற்று. இன்று அதன் அளவு 2.7.

இவற்றையெல்லாம் தாம்பரத்து மாணவன் ஏன் கேட்டறியான்? தமிழில் நூல் இல்லை என்பர். 1960-ஐ ஒட்டிக் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்புத் தொடங்கப்பெற்றது. அதன்பின் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிக்கென நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. கோவைக் கலைக்கதிர் இதழ் பல்லாண்டுகள் உழைத்தது. நூல்கள் வந்தன, அவற்றைப் புதுக்குவாரும் பாடத்திற் சேர்ப்பாரும் இல்லாமையால் அடுக்குகளில் உறங்கின. 2010-இல் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியலின் இரு பிரிவுகள் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன; அறிவியலில் முதுநிலையில் அந்த அளவு துணிவும் அரிதாயிருக்கிறது. கடல் கடந்து போக வேண்டுமா? ஈழத்தில் தமிழ் மாணவர் உயர்தர வகுப்பில் இயற்பியலையும் வேதியியலையும் தமிழிலேயே கற்று, தமிழிலேயே தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் புகுகின்றனர். பின்னர் மருத்துவராகவும் பொறியாளராகவும் உலகெங்கும் பணியாற்றுகின்றனர்.

தனித்தமிழ் அன்பர் தம் பக்கத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. எதிர்மின்னி என்பார் ஒருவர், மின்னன் என்பார் ஒருவர், மின்னணு என்பார் ஒருவர், ஈழத்தில் இலத்திரன். நைட்ரசன், நைதரசன், வெடியகம், வெடியம் என்று ஒரு வளிக்கு நான்கு பெயர். மூலக்கூறு என்னும் சொல்லில் உள்ள 'மூலம்' தமிழா அன்றா என்று வழக்காடும் பொழுதில் ஒரு தலைமுறை மாணவர் பட்டம் பெற்று வெளியேறிவிடுகின்றனர். சொல்லாய்வு தொடரட்டும், அதற்காகப் பாடம் காத்துக்கிடக்க வேண்டா. புழங்கும் சொல்லை இன்று எடுத்தாள்க. அதனினும் நல்ல சொல் பிறந்தால் நாளை மாற்றுக. அகராதியில் மட்டும் அச்சாகி, ஒரு மாணவனின் ஆய்வுக் குறிப்பேட்டில்கூட எழுதப்படாத கலைச்சொல்லால் எவர்க்கும் பயனில்லை.

வேண்டுவன மிகப்பெரியவையும் அல்ல. கிண்டி முதல் வண்டலூர் வரையுள்ள கல்லூரிகளில் நிறமாலைமானி ஒன்றேனும் இல்லாத இயற்பியல் ஆய்வகம் இராது. ஒரு நாள் மாலை அதனை மாணவர் கையிற் கொடுத்து, வெடியகம் அடைத்த மின்குழலின் ஒளியைக் காட்டி, கண்ணுக்குத் தெரியும் பட்டைகளின் தலை எப்பக்கம், வால் எப்பக்கம் என்று தமிழிற் கேட்கலாம். பருவத்தேர்வு வினாத்தாளில், வெடியகத்தில் இரட்டைப்படைக் கோடுகள் வலியனவாக இருப்பது ஏன் என்று ஒரு வினாவை வைத்து, விரும்பியவர் தமிழில் விடையெழுதலாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். கிருட்டிணன் நண்பகல் இடைவேளையிலே செய்ததுபோல் வாரம் ஒரு நாள், எந்த ஐயத்தையும் எந்த மொழியிலும் கேட்கலாம் என்று கதவைத் திறந்து வைக்கலாம். கூடுவாஞ்சேரி மாணவன் முதல் இரண்டு வாரம் பேசாமல் இருப்பான். மூன்றாம் வாரம் கேட்பான்.